வேலையை விட்டு நிறுத்தினால் எந்த வக்கீலைப் பிடிப்பது?
கையில் காசு இல்லாத தொழிலாளிக்கும் வழி இருக்கிறது!

"நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று முதலாளி சொன்னதும் பலர் அடுத்த நாளே பாரிமுனைக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஐகோர்ட்டு வாசலில் கறுப்புக் கோட்டுக்குப் பஞ்சமா என்ன? ஆனால் வேலை வழக்கு தனி உலகம். வாடகை வழக்கிலும் செக் வழக்கிலும் வெளுத்து வாங்கும் வக்கீல் இதில் திணறுவது உண்டு.

காரணம், இந்த வழக்கு கோர்ட்டில் தொடங்குவதில்லை. முதலில் சமரச அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். சாதாரண தனியார் கம்பெனி என்றால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை. பாங்கி, துறைமுகம், ரெயில்வே என்றால் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவன். மனு கொடுத்து 45 நாள் ஆகியும் முடியாவிட்டால் நேராகத் தீர்ப்பாயம் போகலாம்.

வக்கீலுக்கே தடை!

சமரசப் பேச்சில் வக்கீல் உட்காரவே முடியாது. தீர்ப்பாயத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, தீர்ப்பாயமும் அனுமதித்தால்தான் ஆஜராகலாம். தொழிற்சங்க நிர்வாகிக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சங்கத்துக்காரரை. சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த சங்கத்துப் பெரியவர்கள், பட்டம் வாங்கிய பலரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள்.

நல்ல வக்கீல் யார் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. போர்டு பார்த்துப் போவதில் பயன் இல்லை. இந்தத் துறையில் சிலர் தொழிலாளி பக்கம், சிலர் நிர்வாகத்தின் பக்கம். உங்கள் கம்பெனிக்கு அவர் எப்போதாவது ஆஜரானாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: "எனக்கு எந்தச் சட்டம் சார்?" 2025 நவம்பர் 21-ந் தேதி, 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழில் உறவுகள் சட்டம் வந்துவிட்டது. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தீர்ப்பாயம் போக முன்பு 3 வருஷ அவகாசம். இப்போது 2 வருஷம்தான். மாதம் 18 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கும் சூபர்வைசர் அதில் தொழிலாளியே அல்ல! கடைச் சிப்பந்திக்கும் ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் என்று வேறு கதவும் இருக்கிறது. 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக்கூடாது என்கிறது அது. எந்தக் கதவைத் தட்டுவது என்று சட்டென்று சொல்லத் தெரியாதவரிடம் கேசைக் கொடுத்தால் நாள்தான் ஓடும்.

"பாதிக்குப் பாதி" வேண்டாம்

"வருகிற பணத்தில் இத்தனை பங்கு கொடு" என்று பேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கும் பார் கவுன்சில் விதியில் இடம் இல்லை. மொத்த பீஸ் எவ்வளவு, எப்போது எவ்வளவு தருவது என்று எழுதி வாங்கிக்கொள்வதே நல்லது. வக்காலத்தில் கையெழுத்துப் போடலாம். வெற்றுக் காகிதத்தில் கூடாது.

பீஸ் கொடுக்க வழியில்லையா? 1987-ம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில், இலவச வக்கீல் பெறத் தகுதியுள்ளவர் பட்டியலில் தொழிலாளியும் இருக்கிறார். வருமானம் பார்க்க வேண்டியதில்லை. பெண்களுக்கும் அப்படியே. 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தால் போதும். இது தெரியாமல் தாலியை அடகு வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

போகும்போது வேலை உத்தரவு, சம்பள ரசீது, ஈ.எஸ்.ஐ. கார்டு, பி.எப். நம்பர், வந்த நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துப் போங்கள். அசல் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும். அசலையும் கொடுத்துவிட்டு, பிறகு வக்கீலை மாற்ற நேர்ந்தால்? பீஸ் பாக்கிக்காக கட்சிக்காரரின் கட்டை வக்கீல் பிடித்து வைக்கக்கூடாது என்று 2000-ம் வருஷமே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது.