சாயத்தண்ணி தெளிஞ்சா போதுமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் எங்களிடம் ஒரு கேள்வி வந்தது. சாயப்பட்டறை போட ஒருவர் நிலம் கேட்கிறாராம். "கரண்ட் வச்சே தண்ணியைச் சுத்தம் பண்ணிருவோம், கண்ணாடி மாதிரி வரும், தென்னைக்கே பாய்ச்சலாம்" என்கிறாராம். குத்தகைப் பணமும் அதிகம். "விடலாமாக்கா?" என்று கேட்டார்கள்.

கரண்ட் வைத்துச் சாயத்தைப் பிரிப்பது பொய்யில்லை. நமக்குப் பக்கத்திலேயே, காரைக்குடியில், 1953ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கேயும் சாயக்கழிவு நீரை ஆராய்ந்திருக்கிறார்கள்.

தொட்டிக்குள் இரும்புத் தகடுகளை எதிரெதிரே நிறுத்தி, பேட்டரியில் வருவது போன்ற மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். ஒரு தகடு கொஞ்சங்கொஞ்சமாகக் கரையும். கரைந்த இரும்பு தண்ணீரில் பஞ்சு பஞ்சாகத் திரள, சாயம் அதில் ஒட்டிக்கொள்ளும். கலங்கல் தண்ணிப் பானையில் தேத்தாங்கொட்டையை உரசி விடுவோமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். கரையாத தகடு வைக்கும் முறையும் உண்டு. அதில் தண்ணீரிலுள்ள உப்பிலிருந்தே குளோரின் உண்டாகி, பிளீச்சிங் பவுடர் மாதிரி நிறத்தை வெளுத்துவிடும். (வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். ஷாக் அடிக்கும், குளோரின் நெடி நெஞ்சை அடைக்கும்.)

நிறம் போயிடுச்சு, சரி. உப்பு? பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். அது தண்ணீரில் கரைந்தே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தகடுகளால் அதை எடுக்கவும் முடியாது.

திருப்பூர்ப் பக்கம் நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணையை 1992ல் கட்டினார்கள். அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறி, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சுமார் 700 பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த வேலையை நம்பியிருந்த குடும்பங்களுக்கும் பெரிய அடி. கழிவை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்பதே அங்கே விதி. அதற்கு சவ்வு வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கும் கொதிகலன் எல்லாம் வேண்டும். செலவு அதிகம். வெறும் தகட்டுத் தொட்டியோடு வருகிறவர் இந்தச் செலவைத்தான் நம் நிலத்தின் தலையில் கட்டுகிறார்.

ஆகவே அவரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொன்னோம். உப்பை எப்படிப் பிரிப்பீர்கள்? அடியில் தங்கும் சகதி எங்கே போகும்? (அது அபாயக் கழிவு, வயலில் கொட்டக்கூடாது.) கட்டுவதற்கு முன்பே வாங்க வேண்டிய மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதி எங்கே?

தண்ணீரின் உப்பை டி.டி.எஸ். மீட்டர் காட்டிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை. சாயக்கழிவில் பல ஆயிரம் இருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரு பாட்டில் தெளிந்த தண்ணீர் கொண்டு வருகிறாராம். நாங்கள் மீட்டரோடு போகிறோம்.