மீனுக்குப் பயந்தோம், பிறகு பில்லுக்கு

2020 நவம்பரில் மீன்பிடித்துறை முன்னாள் இராஜாங்க அமைச்சர் திலிப் வெதஆராச்சி, பத்திரிகையாளர்கள் முன் பச்சை மீனொன்றைக் கடித்துக் காட்டினார். பேலியகொடை மீன் சந்தையில் கொவிட் கொத்தணி கண்டுபிடிக்கப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாடெங்கும் மீன் தேங்கிக் கிடந்தது. கொழும்புக்காரர் அதைப் பார்த்துச் சிரிக்கலாம். வாவியின் நண்டையும் இறாலையும் நம்பி அடுப்பு மூட்டும் மட்டக்களப்புச் சாப்பாட்டுக் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்திருக்காது. உணவால் தொற்றியதற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லித்தான் இருந்தது. சனமோ சமைத்த மீனையும் சந்தேகித்தது.

கடையின் குசினி நம் கண்ணில் படாது. அதனால் கண்ணில் படுவதை வைத்தே உள்ளே போவதா என்று முடிவெடுக்கிறோம்: கை கழுவும் இடம், மேசை துடைக்கும் துணி, எல்லாவற்றையும்விட, ஏற்கெனவே இருந்து சாப்பிடுகிறவர்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொற்றுக் காலத்தில் கூட்டம்தான் ஆபத்து. ஆனால் ஆளில்லாத கடையைக் கண்டால் 'நேற்றைய கறியோ' என்று கால் பின்வாங்குகிறது. அடைத்த அறையின் காற்றில்தான் கிருமி எளிதில் பரவும் என்று தெரிந்தபின், ஏசி அறையின் மவுசு குறைந்து கல்லடிப் பக்கத் திறந்தவெளி மேசைக்கு மதிப்புக் கூடியது. மட்டக்களப்புக்குக் கூட்டத்தைப் பற்றிய அச்சம் புதிதுமல்ல. 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஓராண்டு ஆகுமுன்னே, 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது.

கிருமிப் பயம் ஒருவாறு தணிந்தது. பில்லைப் பற்றிய பயம் தணியவில்லை என்பதே என் எண்ணம். 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ சமையல் எரிவாயு சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். கொத்துரொட்டித் தட்டின் விலை ஏறாமல் எங்கே போகும்? ஐந்து பேர் போய்ச் சாப்பிட்ட குடும்பம், சோற்றை வீட்டில் வடித்துக்கொண்டு கறியை மட்டும் பார்சலாக எடுக்கக் கணக்குப் போட்டது.

ஆகவே 'போவமா?' என்பதற்கு முன்பே 'ஆர் காசு குடுக்கிறது?' என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஓகஸ்ட் மாதத்தில் லண்டன் மாமா வந்து நின்றால் அதற்கும் பதில் கிடைத்துவிடும். பத்துப் பேர் இருக்கும் மேசையில் மெனு அட்டை நேரே அவர் கைக்குத்தான் போகிறது. நண்டு வேண்டுமென்று அவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.