இடக்கரடக்கலும் இயந்திரக் கத்திரியும்

இலக்கியம் பேச அழைத்தவர்கள் மன்னிக்க வேண்டும், நான் வேலை செய்யும் இடத்திலிருந்துதான் தொடங்கப் போகிறேன். இங்கிலாந்தில் பல வருடங்களாக நர்ஸ் வேலை. எனக்குச் சொற்கள் கிடைப்பதும் அங்கிருந்துதான்.

ஒரு சுகாதார அமைப்பு தமிழ்ப் பெண்களுக்காக இணையத்தில் ஒரு குழு நடத்தியது. பதில் சொல்லும் செவிலியர்களில் நானும் ஒருத்தி. ஒரு நாள் இரவு, புனைபெயரில் ஒரு பெண் கேட்டிருந்தார்: "முலைக்காம்பு உள்ளே இழுத்த மாதிரி இருக்கு, நாலு மாசமா. பயப்படணுமா அக்கா?" புதிதாக அப்படி உள்வாங்கினால் டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும். அது மார்பகப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். நான் பதில் எழுதி அனுப்புவதற்குள் கேள்வி காணாமல் போயிருந்தது. என் பதிலும் போனது. "குழுவின் நெறிகளுக்கு ஒவ்வாத சொல்" என்று ஒரு வரி வந்தது. நடத்துநர்களுக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்து அதே வரி திரும்பி வந்தது.

இது புதுக் கதை அல்ல. 1995இல் அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனம் 'மார்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை ஆபாசப் பட்டியலில் சேர்த்தது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் தங்களைப் பற்றிய குறிப்பில் அந்த நோயின் பெயரையே எழுத முடியாமல் போனது. அவர்கள் கொதித்தெழுந்த பிறகே நிறுவனம் பின்வாங்கியது. அடுத்த வருடம் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களால் அதே நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியவில்லை. ஊர்ப்பெயருக்குள் நான்கு எழுத்துகள் சேர்ந்து ஆங்கில வசைச்சொல்லாகி விடுகிறதாம்! பட்டியல் எழுத்துகளைத்தான் பார்க்கிறது. யார், யாரிடம், எதற்குச் சொல்கிறார் என்பது அதற்குத் தெரியாது.

எழுத்துக்கு நடந்தது படத்துக்கும் நடந்தது. 2020 அக்டோபரில், பிரேசிலில் ஒருவர் மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளைக் காட்டும் எட்டுப் படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டார். ஐந்தில் முலைக்காம்பு தெரிந்தது. இயந்திரம் நீக்கிவிட்டது. விழிப்புணர்வுக்காக என்றால் அனுமதி உண்டு என்று அந்த நிறுவனத்தின் விதியிலேயே இருந்தது! 2021 ஜனவரியில் மேற்பார்வை வாரியம் நீக்கியது தவறு என்று தீர்ப்பளித்தது. ஏன் நீக்கினீர்கள், இயந்திரமா நீக்கியது என்று சொல்லுங்கள், மேல்முறையீட்டை ஒரு மனிதர் பார்க்க வழி வையுங்கள் என்றும் கேட்டது.

ஏன் இத்தனை கண்டிப்பு? கெட்ட சொல் ஒன்று தப்பிவிட்டால் புகார் வரும், செய்தியாகும். நல்ல சொல் ஒன்று வெட்டுப்பட்டால் ஒரு பெண் சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவாள். அவ்வளவுதான். நடத்துகிறவர்களுக்கு எது மலிவு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இயந்திரம் சந்தேகப்படுவதில் எனக்குப் புகார் இல்லை. மார்பகப் பரிசோதனையிலும் வீண் சந்தேகம் உண்டு. இங்கே 50 வயதிலிருந்து 71 வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்கிறோம். நூறு பேரில் ஏறத்தாழ நான்கு பேரை மறுபடி கூப்பிடுவோம். அந்த நால்வரில் ஒருவருக்குத்தான் நோய் இருக்கும். மற்ற மூவருக்கும் சில நாள் தூக்கம் போகும், பாவம். ஆனால் நிழல் தெரிந்த அன்றே யாரும் கத்தியை எடுப்பதில்லை. படத்தையே இருவர் பார்க்கிறார்கள். பிறகு ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசியால் சதை எடுத்துச் சோதனை. இணையத்தில் அந்த நிழல் தெரிந்ததுமே வெட்டு விழுந்துவிடுகிறது.

நம் மொழிக்கு இந்தச் சிக்கல் பழையது. சபையில் சொல்லக் கூசும் சொல்லை வேறு சொல்லால் சொல்வதை நன்னூலில் பவணந்தி முனிவர் 'இடக்கரடக்கல்' என்கிறார். 'கால் கழுவி வந்தேன்' என்றால் எங்கே போய் வந்தார் என்று கேட்பவருக்குப் புரியும். சொல் மாறுகிறது, செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. அது எந்த இடத்துக்கு எது தகும் என்று பேசுகிறவரிடமே விட்ட இலக்கணம். முலை என்ற சொல்லும் ஒருகாலத்தில் கூச்சத்துக்குரியதாக இல்லை. சங்கப் பாடல்களில் தாராளமாக வருகிறது. எங்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் லூக்கா எழுதிய சுவிசேஷத்திலும் உண்டு, சின்ன வயதில் ஆலயத்தில் வாசிக்கக் கேட்டு யாரும் நெளிந்ததாக நினைவில்லை. பிறகு எப்போது கெட்ட வார்த்தையானது? 2002இல் குட்டி ரேவதி 'முலைகள்' என்று தொகுப்புக்குப் பெயர் வைத்தபோது எழுந்த கூச்சலை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இயந்திரத்துக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தவர்களும் அந்தக் கூச்சலைக் கேட்டு வளர்ந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பெண் மறுபடி எழுதவில்லை. புனைபெயர் என்பதால் தேடிப் பிடிக்கவும் வழியில்லை. அடுத்த வாரம் அவர் கண்ணில் படட்டும் என்று பொதுவாக ஒரு குறிப்புப் போட்டேன். வெட்டுப்படக் கூடாதே என்று யோசித்து யோசித்து, 'நெஞ்சுப் பகுதியின் நுனியில் மாற்றம் தெரிந்தால் டாக்டரைப் பாருங்கள்' என்று எழுதினேன். அது தப்பியது. கீழே மூன்று பேர் கேட்டிருந்தார்கள்: "எந்த இடம் அக்கா?"