மலைநாட்டு அறையில் மகள்: குறைந்த செலவில் குளிரைத் தாங்குவோம்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு குளிரைப் பற்றி எழுதினால் சிலர் சிரிக்கக்கூடும். வெயிலும் புழுக்கமுமே எமக்குப் பழக்கம். ஆனால் வாவியின் இரு கரைகளிலுமிருந்து, எழுவானிலிருந்தும் படுவானிலிருந்தும், எமது பெண்பிள்ளைகள் பேராதனைக்கும் பதுளைக்கும் படிக்கப் போகிறார்கள். தாய் ஒருத்தியின் உழைப்பில் வளர்ந்த பிள்ளைகள் பலர். என் மகளும் அவர்களில் ஒருத்தி.

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளை 680 மீற்றர். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேல். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு பாகைக்கு மேல் குறைந்துவிடும். தை மாத இரவில் எங்கள் ஊரில் 23 பாகையளவில் இருக்கும்போது கண்டியில் 18 பாகையளவில் இருக்கும். நுவரெலியாவில் 10 பாகைக்குக் கீழே போகும். கண்டியின் குளிர் பெரிய குளிரில்லை என்று சொல்வார்கள். கடற்கரை வெக்கையில் வளர்ந்த பிள்ளை, ஈரம் ஊறிய சுவருள்ள அறையில் மெல்லிய மெத்தையில் படுத்தால் அவளுக்கு அது பெரிய குளிர்தான்.

என் மகள் இரண்டாம் ஆண்டில் இன்னும் இரண்டு பிள்ளைகளுடன் வெளியே ஓர் அறை எடுத்தாள். மார்கழி பிறந்ததும் முட்டு வந்துவிட்டது. இரவில் நித்திரையில்லை, காலையில் விரிவுரைக்குப் போக முடியவில்லை. ஒருநாள் தொலைபேசியில், “வீட்டுக்கு வந்துவிடட்டா அம்மா?” என்று கேட்டாள். மருந்து எடுத்துக் கொடுக்கவும் அறையைப் பார்க்கவும் மகியங்கனைப் பாதையால் பஸ் ஏறினேன்.

ஈரம், காற்று, தரை

குளிரில் உடம்பைத் தாக்குபவை இந்த மூன்றும்தான். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவைக் கடந்தபோது வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரில் விறைத்துச் செத்தன. எமது மாவட்டத்திலும் செத்தன. இங்கே பனி பெய்யவில்லை. மழையில் நனைந்த உடம்பில் ஓயாமல் காற்று அடித்ததே காரணம்.

எமக்கு இது புதிய பாடமில்லை. 2006 டிசம்பரில் வாகரையிலிருந்து இடம்பெயர்ந்து மாரி மழைக்குள் தறப்பாளின் கீழ் இருந்தோம். மகளுக்கு அப்போது இரண்டு வயது. மேலே எத்தனை துணி போர்த்தாலும் பிள்ளை நடுங்கினாள். கீழே சாக்கும் மட்டையும் அடுக்கி, அதன்மேல் பாய் விரித்த பிறகுதான் தூங்கினாள். குளிர் தரையிலிருந்து ஏறுகிறது என்பதை முகாமில் இருந்த தாய்மார் எல்லோரும் அறிவோம்.

அறையில் செய்தவை

அந்த அறையில் கட்டில் வெளிச்சுவரோடு ஒட்டியிருந்தது. முதலில் அதை ஒரு முழம் தள்ளிப் போட்டோம். மெத்தைக்குக் கீழே பழைய பத்திரிகைகளைத் தடிப்பாக அடுக்கி, ஊரிலிருந்து கொண்டுபோன பன்பாயை விரித்தோம். ஒரு தடித்த போர்வையைவிட இரண்டு மெல்லிய போர்வைகள் நல்லது. இரண்டுக்கும் இடையில் நிற்கும் காற்றே சூட்டைப் பிடித்து வைக்கும். உடுப்புக்கும் இதுதான் விதி. உள்ளே ஒட்டிய பனியன், அதன்மேல் சட்டை, அதன்மேல் சுவெற்றர். காலுக்கு மேஸ், தலைக்கும் காதுக்கும் சால்வை.

கதவின் கீழ் இடைவெளிக்குப் பழைய சேலையை நீளமாகச் சுருட்டி வைத்தோம். யன்னலை முழுநாளும் அடைக்கக்கூடாது. வெயில் வரும் நேரத்தில் திறந்து ஈரத்தை வெளியே விடவேண்டும். துவைத்த உடுப்பை அறைக்குள் காயப்போட்டால் அந்த ஈரம் சுவருக்கும் போர்வைக்கும் போகும். முட்டு உள்ள பிள்ளைக்கு அது கூடாது. தலை முழுகுவதைப் பகல் வேளைக்கு மாற்றச் சொன்னேன்.

பாமசியில் விற்கும் இறப்பர் சுடுநீர்ப் பை ஒன்று போதும். கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றாமல் சற்று ஆறவிட்டு ஊற்றி, துவாயால் சுற்றிக் கால்மாட்டில் வைக்கவேண்டும். வெடிப்பு விழுந்த பையைப் பாவிக்கக்கூடாது. மின்சாரக் கணக்கையும் பாருங்கள். 2,000 வாற் சூடாக்கி ஒரு மணித்தியாலம் எரிந்தால் இரண்டு யூனிற். ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க ஒரு யூனிற்றில் பத்தில் ஒரு பங்குதான். அறையைச் சூடாக்க எமக்குக் கட்டாது; படுக்கையைச் சூடாக்கலாம்.

தணல் வேண்டாம்

பிள்ளைப்பேற்று வீட்டில் தணல் சட்டி வைப்பது எமது வழக்கம். கிடுகு வீட்டில் காற்று வந்து போகும். சீமெந்துச் சுவரும் கண்ணாடி யன்னலுமுள்ள அறை அப்படியில்லை. மூடிய அறையில் கரியோ விறகோ மண்ணெண்ணெய் அடுப்போ எரிந்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு மணமில்லை. தலையிடி, மயக்கம், பிறகு எழும்ப முடியாத நித்திரை. ஒரே இரவில் அறையிலுள்ள எல்லோரையும் கொண்டுபோய்விடும். பிள்ளையை அனுப்பும்போது இதை மட்டும் இரண்டு தரம் சொல்லி அனுப்புங்கள்.

வயிறும் பணமும்

பட்டினி வயிற்றோடு படுத்தால் குளிர் கூடும். மகாபொல உதவிப்பணம் 2025 இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அறை வாடகையும் பஸ் காசும் போக அதில் மிஞ்சுவது கொஞ்சம். பிள்ளைகள் முதலில் குறைப்பது இராச்சாப்பாட்டைத்தான். வறுத்த குரக்கன் மா, எள்ளுருண்டை, சுக்கும் மல்லியும் இடித்த தூள் ஆகியவற்றை மாதம் ஒருதரம் பொதி செய்து அனுப்புகிறேன். இரவில் ஒரு கோப்பைக் குரக்கன் கஞ்சியும் ஒரு உருண்டையும் அவளைத் தாங்குகின்றன.

சுவெற்றரைப் புதிதாக வாங்கத் தேவையில்லை. நுவரெலியா பேல் பசாரில் குளிருடுப்பு மலிவாக எடுக்கலாம். எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். படிப்பை முடித்து வரும் பிள்ளைகள் தங்கள் சுவெற்றரையும் போர்வையையும் கழுவிக் காயவைத்து அதற்குள் போடுகிறார்கள். அடுத்த வருடம் போகும் பிள்ளை எடுத்துச் செல்கிறாள். சங்கத்துக்கு இதில் ஒரு சதமும் செலவில்லை.

கேட்கும் விதம்

“குளிருதா மகள்?” என்று கேட்டால், “இல்லம்மா, பழகிட்டு” என்றுதான் பதில் வரும். எமது கஷ்டம் பிள்ளைகளுக்குத் தெரியும், ஆகையால் மறைப்பார்கள். நேற்று எத்தனை மணிக்கு நித்திரை கொண்டாய், இரவு என்ன சாப்பிட்டாய், இருமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இரவில் மூச்சு இழுத்தால் கைமருந்தோடு நிற்காமல் பல்கலைக்கழக வைத்திய நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

மகள் வீட்டுக்கு வரவில்லை. பரீட்சை எழுதினாள். இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வருகிற தைக்கு எங்கள் ஊரிலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் மலைக்குப் போகவிருக்கிறார்கள். பெட்டியில் சுவெற்றர் மூன்று இருக்கிறது. சுடுநீர்ப் பைதான் இன்னும் ஒன்று வேண்டும்.