ரத்தத்தில் ஒரு முன்னறிவிப்பு
காசநோய் யாரைத் தாக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முயல்கிறது ஆர்.என்.ஏ. ஆய்வு. சொன்ன பிறகு என்ன செய்வது என்பதுதான் சிக்கல்.

உலக மக்களில் சுமார் நான்கில் ஒருவரின் உடலில் காசநோய்க் கிருமி நுழைந்திருக்கிறது. பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் என்றாவது ஒருநாள் நோய் வெளிப்படுகிறது. அந்தச் சிலர் யார்? கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் மாண்டூ பரிசோதனையிடம் இதற்குப் பதில் இல்லை. கிருமியை உடல் எப்போதோ சந்தித்திருக்கிறது என்பதோடு அது நின்றுவிடும்.

எனவே விஞ்ஞானிகளின் கவனம் ரத்தத்தில் உள்ள ஆர்.என்.ஏ. பக்கம் திரும்பியது. டி.என்.ஏ. ஓட்டலின் மெனு பலகை என்றால், ஆர்.என்.ஏ. சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டு. பலகை மாறுவதில்லை, சீட்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். எந்த மரபணுவிலிருந்து எத்தனை சீட்டுகள் என்று எண்ணினால், உடல் இப்போது எந்த வேலையில் மும்முரமாக இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

2008 வாக்கில் நடைமுறைக்கு வந்த ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தும் முறை செய்வது இதைத்தான். ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் ரத்தம் எடுத்த உடனே அது சிதையாமல் காக்கும் ரசாயனக் குழாயில் சேமிக்கிறார்கள். பிறகு அதைத் துண்டுகளாக்கி, டி.என்.ஏ. நகலாக மாற்றுகிறார்கள். கோடிக்கணக்கான துண்டுகளை இயந்திரம் படிக்க, எது எந்த மரபணுவுடையது என்று கம்ப்யூட்டர் பிரித்து எண்ணுகிறது.

காசநோய் மலிந்த தென்னாப்பிரிக்காவில் 12 முதல் 18 வயதுவரையிலான 6,000க்கும் மேற்பட்டோரின் ரத்தத்தைச் சேமித்து, அவர்களை 2 ஆண்டுகள் கண்காணித்தார்கள். பின்னர் நோய் வந்த 46 பேரின் பழைய ரத்தமும் நோய் வராத 107 பேரின் ரத்தமும் ஒப்பிடப்பட்டன. முடிவு 2016இல் லான்செட் இதழில் வெளியானது. 16 மரபணுக்களின் சுறுசுறுப்பு, நோய் வருவதற்கு முந்தைய ஓராண்டுக்குள்ளேயே ஆபத்தைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் மூவரில் ஒருவரை அது தவறவிட்டது. நோய் வராதவர்களில் ஐவரில் ஒருவரை வீணாகச் சந்தேகித்தது. சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் இத்தகைய மரபணுக்கள் விழித்துக்கொள்வது ஒரு தொல்லை.

அடுத்த அடி இன்னும் பலமாக விழுந்தது. 11 மரபணுக்களாகச் சுருக்கப்பட்ட பரிசோதனையில் ஆபத்து என்று தெரிந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை வீதம் 12 வாரங்கள் தடுப்பு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, 15 மாதக் கண்காணிப்பில் மருந்து நோயைக் குறைக்கவில்லை. ஆபத்து தெரியும் கட்டத்தில், அறிகுறி இல்லாமலே நோய் வேரூன்றியிருக்கலாம். அதற்குத் தடுப்பு மருந்தின் வீரியம் போதாமல் இருக்கலாம்.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். நோயாளியின் வீட்டில் உள்ள அனைவருக்கும் தடுப்பு மருந்து தரலாம் என்று 2021இல் இந்திய அரசின் வழிகாட்டுதல் விரிவடைந்தது. நோயே வராதவர்கள் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டும். சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படும். உண்மையில் தேவைப்படுவோரை மட்டும் பொறுக்கியெடுக்க முடிந்தால் லாபம் பெரிது.

வரிசைப்படுத்தும் இயந்திரத்தைத் தாலுகா மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் அது அடையாளம் காட்டும் மரபணுக்களைக் கொண்டுபோகலாம். விரல் நுனி ரத்தத்தில் 3 மரபணுக்களை மட்டும் அளந்து, ஏற்கனவே நோய் கண்டவர்களைச் சலித்தெடுக்கும் பரிசோதனை ஆப்பிரிக்காவிலும் வியட்நாமிலும் சோதிக்கப்பட்டது. அது இயங்குவது, இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் சளியைச் சோதிக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில்தான். கருவி தயார். காத்திருப்பது, முன்னறிவிப்புக்கு ஏற்ற மருந்துக்காக.