தும்மினால், குதித்தால் யூரின் கசிகிறதா? உடற்பயிற்சியை விடாதீங்க... ‘தம்’ பிடிப்பதை விடுங்க!

காலை வாக்கிங். கூட வரும் தோழி ஏதோ ஜோக் சொல்கிறார். வாய்விட்டுச் சிரித்து முடிப்பதற்குள் உள்ளாடை நனைந்துவிடுகிறது. யாரும் கவனிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் ‘முட்டி வலிக்குது’ன்னு வாக்கிங்குக்கு லீவு. அப்புறம் ஒரு வாரம். அப்புறம் அந்த ஷூவை யாரும் எடுப்பதே இல்லை.

40 வயதைத் தாண்டிய பல பெண்களின் உடற்பயிற்சி இப்படித்தான் நின்றுபோகிறது. பழி முட்டி மேல். உண்மையான காரணம் டாக்டர் காதுக்குக்கூட போவதில்லை. ‘புள்ளை பெத்த உடம்புக்கு இதெல்லாம் சகஜம்’ என்று வீட்டுப் பெரியவர்களும் சொல்லிவிடுவார்கள். பலருக்கும் வருகிறது என்பது நிஜம். அதற்காக நாப்கின் வைத்துக்கொண்டே காலம் தள்ள வேண்டியதில்லை. சரியான பயிற்சியால் நிறைய பேருக்குக் குறையக்கூடிய பிரச்னை இது.

இடுப்புக்குள் ஒரு தூளி

அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் எலும்பில் தொடங்கி, பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல் விரிந்திருக்கும் தசைகளுக்குத்தான் ‘பெல்விக் ஃப்ளோர்’ என்று பெயர். தமிழில் இடுப்புத் தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இந்தத் தூளிதான். சிறுநீரும் மலமும் நேரம் கெட்ட நேரத்தில் வெளியேறாமல் இறுக்கிப் பிடிப்பதும் இதன் வேலை.

கர்ப்ப காலத்திலேயே இது நீள ஆரம்பித்துவிடும். சுகப்பிரசவத்தில், அதிலும் ஆயுதம் போட்டு குழந்தையை எடுத்திருந்தால், இன்னும் அதிகமாக இழுபடும். தீராத மலச்சிக்கல், நாள்பட்ட இருமல், உடல் பருமன் எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கில் அழுத்தும். அதோடு மெனோபாஸ். இந்தியப் பெண்களுக்கு சராசரியாக 46-47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்தப் பகுதித் திசுக்கள் மெலிந்து, உறுதி குறைகின்றன. 25 வயதில் நடந்த பிரசவத்தின் விளைவு 48 வயதில் தெரியவருவது இப்படித்தான்.

சிக்கல் எங்கே?

கனமான எதையாவது தூக்கும்போது நம்மை அறியாமலே தம் பிடிப்போம். அந்த நேரத்தில் வயிறு இறுகி, உள்ளே அழுத்தம் கூடும். மேலே வழி அடைபட்டிருப்பதால் அந்த அழுத்தம் நேராகக் கீழே இருக்கும் தூளி மேல்தான் இறங்கும். தும்மல், இருமலில் நடப்பதும் இதேதான். தூளி பலமாக இருந்தால் தாங்கும். தளர்ந்திருந்தால் கசியும்.

அதனால் எடை தூக்கும் பயிற்சியில் முதலில் மாற்ற வேண்டியது மூச்சைத்தான். தூக்கும் நொடியில் மூச்சை வெளியே விடுங்க. ஸ்குவாட் செய்தால் உட்காரும்போது உள்ளே, எழும்போது வெளியே. தூக்குவதற்குச் சற்று முன்பே இடுப்புத் தளத்தை லேசாக மேலே இழுத்துக்கொள்ளுங்கள். மறந்துபோகிறதா? ஒன்று, இரண்டு என வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்யுங்கள். எண்ணிக்கொண்டே தம் பிடிக்க யாராலும் முடியாது!

ஜிம்மில் 5 கிலோ டம்பெல்லைப் பார்த்து பயப்படுகிறவர்கள், வீட்டில் தூக்குவதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ. இரும்போடு சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். தண்ணீர் கேன் 20 லிட்டர் என்றால் 20 கிலோ. கொண்டு வருபவரையே உள்ளே வைக்கச் சொல்லலாம், வீட்டு ஆண்களைக் கூப்பிடலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்போ ஸ்கிப்பிங், ஓட்டம், குதிக்கிற ஜும்பா? ஒரேயடியாகத் தடை போட வேண்டாம். கசிவு இருக்கும் வரை ஒரு கால் தரையிலேயே இருக்கும் பயிற்சிகளுக்கு மாறிக்கொள்ளலாம். வேக நடை, சைக்கிள், நீச்சல் எல்லாம் ஓகே. படுத்தபடி இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்குவது, சிட்-அப் போன்றவற்றில் கீழே அழுத்துவதுபோல் இருந்தால் அவற்றையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். எடைப் பயிற்சியை மட்டும் முழுசாக விட்டுவிடாதீர்கள். மெனோபாஸுக்குப் பிறகு எலும்பு வேகமாகத் தேயும். அதற்கு அந்தப் பயிற்சி தேவை.

கீகல் பயிற்சி எப்படி?

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையால் பிரபலமானது இந்தப் பயிற்சி. முட்டியை மடக்கிப் படுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயு பிரிவதை அடக்குவதுபோலவும், சிறுநீரை அடக்குவதுபோலவும் உள்ளே, மேலே இழுங்கள். பிட்டம், தொடை, வயிறு இறுகக் கூடாது. மூச்சு வழக்கம்போல ஓடணும். 3 முதல் 5 விநாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுசாகத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு 8 முறையாவது, ஒரு நாளைக்கு 3 தடவை. பழகப் பழக 10 விநாடி வரை கூட்டலாம். குறைந்தது 3 மாதம் செய்தால்தான் பலன் தெரியும். பத்து நாளில் ‘ஒண்ணும் வேலைக்கு ஆகல’ன்னு விட்டுவிடாதீர்கள்.

தும்மல் வரப்போகிறது என்று தெரிந்தால் அதற்கு முந்தைய நொடியில் இப்படி இறுக்கிப் பிடிப்பதும் கசிவைக் குறைக்கும்.

சிறுநீர் கழிக்கும்போதே பாதியில் நிறுத்தி இதைப் பயிற்சியாகச் செய்யக் கூடாது. பை முழுசாகக் காலியாகாமல் போகலாம். இன்னொன்று, சிலருக்கு இந்தத் தசை தளர்ந்திருக்காது, எப்போதும் இறுகியே இருக்கும். இடுப்பு வலி, தாம்பத்தியத்தில் வலி இருப்பவர்கள் தாங்களாகவே கீகல் தொடங்கினால் வலி கூடக்கூடும். அவர்கள் முதலில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதும் உதவாது. அடர்த்தியான சிறுநீர் பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். முக்கினால் மறுபடியும் அழுத்தம் தூளி மேல்தான்.

டாக்டரிடம் எப்போ?

கீழே ஏதோ இறங்கி வருவதுபோல் கனமாக இருந்தால் அது அடி இறக்கமாக இருக்கலாம். அதற்கும், சிறுநீரில் ரத்தம், எரிச்சல், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு போன்றவற்றுக்கும் காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியைச் சரியாகத்தான் செய்கிறோமா என்று சந்தேகமா? பிசியோதெரபிஸ்ட் பரிசோதித்துச் சொல்வார்.

போவதற்கு முன் 3 நாளைக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன குடித்தீர்கள், எத்தனை முறை பாத்ரூம் போனீர்கள், எதைச் செய்யும்போது கசிந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்த நோட்டை நீட்டினால் போதும்.