நம் எலும்புக்கூடும் மூட்டுகளும்: தம்பதியர் தெரிந்துகொள்ள வேண்டியவை



திருச்செங்கோட்டு மலைமேல் உள்ள அர்த்தநாரீசுவரரை நீங்கள் பலமுறை தரிசித்திருப்பீர்கள். வலப்பாதி ஆண், இடப்பாதி பெண். தோலையும் சதையையும் நீக்கி எலும்பை மட்டும் பார்த்தால் அந்த இரு பாதிக்கும் என்ன வித்தியாசம் இருக்கும்? கூட்டங்களில் இதைக் கேட்டால், "பொம்பளைக்கு எலும்பு குறைச்சலுங்க" என்று யாராவது சொல்வார்கள். அது தவறு. வளர்ந்தவர்களில் இருவருக்கும் பொதுவாக 206 எலும்புகள்தான். விலா எலும்புகளும் இருவருக்கும் 12 ஜோடிதான். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் வித்தியாசம் இடுப்பில் இருக்கிறது. அதைச் சொல்லுமுன் மூட்டுகளைப் பற்றிச் சிறிது பார்ப்போம்.

இரண்டு எலும்புகள் சேருமிடம் மூட்டு. முழங்கை கதவுக்கீல் போல ஒரு பக்கமாக மடங்கும். முழங்காலும் பெரும்பாலும் அப்படித்தான். தொடை எலும்பின் உருண்டைத் தலையோ, ஆட்டுக்கல் குழியில் குழவி சுழல்வது போல, இடுப்புக் குழிக்குள் நாலாபக்கமும் சுழலும். எலும்போடு எலும்பு உரசாதிருக்க முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு உண்டு. வண்டி அச்சுக்கு மசகு போடுகிறோமே, அதுபோல மூட்டுக்குள் ஒரு நீரும் ஊறுகிறது. படியேறி இறங்கும்போது முழங்காலில் நம் எடையைப் போல் சுமார் மூன்று மடங்கு பாரம் விழுகிறது. 1,200-க்கும் மேற்பட்ட மலைப்படிகளில் ஏறியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை!

இனி இடுப்புக்கூடு. இரு பக்கமும் இரண்டு பெரிய எலும்புகள், பின்னால் முதுகெலும்பின் அடிப்பகுதி, எல்லாம் சேர்ந்து ஒரு கிண்ணம் போல் இருக்கும். ஆணுக்கு இது குறுகலானது. பெண்ணுக்கு அகலமானது, நடுவிலுள்ள வழியும் பெரியது. குழந்தை வெளிவருவது அந்த வழியாகத்தான். ஆனால் இந்த அகலம் பூப்படைந்த அன்றே வந்துவிடுவதில்லை. பெண்ணின் உயரம் நின்ற பிறகும் சில ஆண்டுகள் இடுப்புக்கூடு உள்ளே விரிந்துகொண்டிருக்கும். "ஆளு வளர்ந்துட்டா, இன்னும் என்ன?" என்று பெரியவர்கள் கேட்பதில் உள்ள பிழை இதுதான். ஆள் வளர்ந்திருப்பாள்; வழி வளர்ந்திருக்காது. அப்படிப்பட்ட பெண் கருவுற்றால் குழந்தையின் தலை இடையில் சிக்கிக்கொள்ளலாம். தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. பிழைத்தாலும் சிறுநீர் ஓயாமல் ஒழுகும் கோளாறு வந்துவிடலாம்.

பெண்ணின் திருமண வயது 18 என்று 1978-லேயே சட்டம் உயர்த்தப்பட்டது. 18, 19 வயதில் மணமான பெண்ணாக இருந்தால், முதல் குழந்தையை 20 வயது கடந்து பெறத் தம்பதியர் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். மாமியார் கேட்கும் கேள்விக்குக் கணவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதை மனைவி தலையில் போடாதீர்கள். தள்ளிப்போடும் வழிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

கர்ப்ப காலத்தில் இடுப்பு மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் சற்றுத் தளர்கின்றன. "இடுப்பே கழண்டாப்ல இருக்குது" என்று அவள் சொன்னால் அது சாக்கு அல்ல. தண்ணீர்க் குடத்தைக் கணவர் தூக்கட்டும், இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து தூக்கட்டும். நடக்க முடியாத வலி என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிறக்கும் குழந்தையின் எலும்புகளில் சுமார் 30 கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து போவது. ராகிக்களி, முருங்கைக்கீரை, எள், பால், மோர் ஆகியவற்றை வீட்டிலேயே கொடுக்கலாம். நான்காம் மாதம் முதல் நர்ஸம்மா தரும் கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக்கூடாது. ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பாலூட்டும்போது தாயின் எலும்பிலிருந்தும் சத்து இறங்குகிறது. பால் மறந்தபின் அது திரும்ப ஏறும். அதற்குள் அடுத்த பிரசவம் வந்துவிட்டால் அவள் எப்போது தேறுவாள்?

குழந்தையின் மண்டையோடு ஒரே ஓடு அல்ல, பல துண்டுகள். இடுப்பு வழியில் வரும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி, தலையைச் சுருக்கிக் கொடுக்கின்றன. பிறந்ததும் தலை நீண்டிருப்பது இதனால்தான். சில நாளில் தானே சரியாகும், பிடித்து உருட்ட வேண்டாம். உச்சியில் மெத்தென்று துடிக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடும். அங்கே எண்ணெயை அழுத்தித் தேய்க்காதீர்கள். வயிற்றுப்போக்கின்போது அந்த உச்சிக்குழி உள்வாங்கினால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். சிலர் இதைக் குழி விழுந்த தோஷம் என்று மந்திரிக்கப் போகிறார்கள். போகாதீர்கள். தாய்ப்பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் கொடுத்துக்கொண்டே, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள். வண்டிக்கு 108.